ஆச்சியின் வீணைக்கு வயது என்ன?

சாரல் காலத்தில் ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் குற்றாலத்துக்குத்தான் போகிறார்கள் என்பது கண்டக்டர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. நான் "சிவகிரி ஒன்று" என்று கேட்டதும் அந்த மனிதர், "அருவி அங்கே இல்லையே, சார்!" என்று அனுதாபத்தோடு சொன்னார். துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

சிவகிரியில் இறங்கி வேறு வண்டி பிடித்தால் ராயகிரி. 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரித்த தென்காசி ஜில்லாவில், சிவகிரி தாலுகாவைச் சேர்ந்த சின்னப் பேரூராட்சி. மேற்கே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மலைத்தொடர். அதன் தலையில் மேகம். கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. மழை பெய்யாமலே காற்று மட்டும் ஈரமாக வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகிறது. ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கப் போனது ஒரு வீணையை.

நம் வாசகி ஒருவர் எழுதிய கடிதம்தான் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போயிற்று. "என் அம்மையின் வீணை அரங்கில் கிடக்கிறது. பழஞ்சாமான் வியாபாரி ஒருவர் வந்து, நூற்றைம்பது வருஷத்துச் சாமான் என்று சொல்லி விலை பேசுகிறார். விற்றுவிடலாம் என்கிறான் மகன். கூடாது என்கிறாள் மகள். வீணையின் வயதை எந்தப் புஸ்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருந்தார். பெயர் போட வேண்டாம் என்றும் ஒரு வரி. ஊரே அவரை ஆச்சி என்றுதான் அழைக்கிறது. நாமும் அப்படியே அழைப்போம்.

"வா தம்பி, இரி. முதல்ல காப்பி குடி. வீணை எங்கயும் ஓடிப்போயிராது" என்றார் ஆச்சி.

காப்பி குடிக்கும்போதே மற்றச் சமாசாரமும் வந்தது. ஆச்சியின் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே ஒரு பழைய கிட்டாரை வாங்கினானாம். வாங்கிய அன்றைக்கே ஒரு புஸ்தகத்தைப் புரட்டி அது பிறந்த வருஷத்தைக் கண்டுபிடித்துவிட்டான். உடனே டெலிபோனில், "ஆச்சி! உன் வீணைக்கு என்ன வயசு?" என்று கேட்டிருக்கிறான்.

"எங்க அம்மை கல்யாணமாகி வரும்போது கொண்டாந்தது. அம்மைக்கு அவுக அம்மை கொடுத்தது. அதுக்கு முந்தி யார் கையில இருந்துதுன்னு கேட்டு வச்சுக்கிடலை" என்று சொல்லிவிட்டு ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பேரன் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மார்ட்டின் என்ற கிட்டார் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆரம்பித்தவர் 1833-ல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய தச்சர். 1898 முதல் அந்தக் கம்பெனி ஒவ்வொரு கிட்டாருக்குள்ளும் வரிசை எண் குத்த ஆரம்பித்தது. அதுவரை எத்தனை செய்திருப்போம் என்று உத்தேசமாகக் கணக்குப் பார்த்து 8000-லிருந்து தொடங்கினார்கள். எந்த வருஷத்தில் எந்த எண்ணோடு முடிந்தது என்ற அட்டவணை இருக்கிறது. எண்ணைப் பார், வருஷத்தைப் படி, அவ்வளவுதான்!

ஆனால் அட்டவணை மட்டும் போதாது. எண் அழிந்திருக்கலாம், யாராவது உறுப்புகளை மாற்றியிருக்கலாம். அதற்காகத்தான் பழைய கிட்டார்களையே விற்று வாங்கிப் பழகிய ஜார்ஜ் க்ரூனும் வால்ட்டர் கார்ட்டரும் சேர்ந்து 1991-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். தலைப்பகுதியின் வடிவம் எப்போது மாறிற்று, கழுத்தில் முத்துச்சிப்பி பதித்தது எந்த வருஷம் வரை, குதிரையின் அமைப்பு எப்போது வேறானது என்று கம்பெனி வாரியாக, மாதிரி வாரியாக அதில் சொல்லியிருக்கிறார்கள். டாம் வீலர் என்பவர் 1982-லேயே அமெரிக்கக் கிட்டார்களைப் பற்றி ஒரு தடித்த புஸ்தகம் போட்டிருந்தார். இரண்டிலும் கதை குறைவு, விவரம் அதிகம். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் கூட, புஸ்தகத்தை ஒரு கையிலும் கிட்டாரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பழைய வாத்தியத்துக்கு நல்ல புஸ்தகம் என்றால் அதுதான் லட்சணம்.

நம் வீணைக்கு அப்படி ஒன்று இருக்கிறதா? அதற்கு முன்னால் வீணையையே பார்த்துவிடலாம்.

அரங்கு வீட்டின் இருட்டிலிருந்து ஆச்சியும் மகளுமாக அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார்கள். பலா மரத்தில் செய்த வீணை. தந்தி ஒன்று கூட இல்லை. யாளியின் ஒரு காது உடைந்திருந்தது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு உலர்ந்து வெடித்து, 24 மெட்டுகளில் நாலைந்தைக் காணோம். பிரடைகள் மட்டும் கல்லுக் குண்டாக இருந்தன. குடத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை. அதில் கறுப்புக் கோட்டில் கொடியும் பூவும். ஆச்சி அதை முந்தானையால் துடைத்தபோது, விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர் மனசில் பதில் எப்போதோ தயாராகிவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று. மகனிடம் சொல்வதற்கு ஒரு நியாயம்தான் வேண்டியிருந்தது.

வீணையில் வயதைச் சொல்லும் உறுப்புகளும் உண்டு, வாய் திறக்காத உறுப்புகளும் உண்டு. தந்தி, மெழுகு, மெட்டு மூன்றையும் நம்பக் கூடாது. சில வருஷங்களுக்கு ஒரு தடவை மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவது வழக்கம். ஆகவே மெழுகின் வயது வீணையின் வயது ஆகாது. தண்டிக்கு அடியில் உள்ள சுரைக்காயும் மாற்றக் கூடியதே. பழைய வீணைகளில் நிஜமான சுரைக்காய் இருக்கும். இக்காலத்து வீணைகளில் காகிதக் கூழாலோ ஃபைபராலோ செய்த உருண்டைதான் பெரும்பாலும்.

மாற்ற முடியாதது மரம். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்திருந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்திருந்தால் ஒட்டு வீணை. குடமும் தண்டியும் சேருகிற இடத்தில் மரத்தின் ரேகை தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆச்சியின் வீணையில் அந்த இடத்தில் ரேகை அறுபட்டிருந்தது. ஒட்டு வீணைதான். ஒரே மரம் என்று சத்தியம் செய்திருந்தாராம் வியாபாரி!

வெள்ளைப் பட்டையில்தான் விஷயம் இருந்தது. அந்தக் காலத்து வீணைகளில் யானைத் தந்தமோ மான்கொம்போ வைத்து இழைப்பார்கள். இப்போது பிளாஸ்டிக். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 1986-லும் 1991-லும் திருத்தியதற்கு அப்புறம், நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்கே இடமில்லை. "வேணும்னா வெள்ளையைப் பெயர்த்து எடுத்துட்டுக் கொண்டுபோறேன்" என்று வியாபாரி சொன்னதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டை தந்தமா கொம்பா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் சங்கதி அல்ல; வன இலாகாவில் விசாரிக்காமல் விற்பனை பற்றிப் பேசவே கூடாது என்று ஆச்சியிடம் சொன்னேன். மகன் சற்று முகம் சுளித்தார். ஆனால் பேச்சு அதோடு நின்றது. அன்று சாயங்காலமே வீணைக்குப் பழைய வேஷ்டியில் புதிய உறை தைக்க ஆரம்பித்துவிட்டாள் மகள்.

எந்த ஊர் வீணை என்பதும் லேசில் தீருகிற கேள்வி இல்லை. வீணை என்றால் தஞ்சாவூர் என்று சொல்லிவிடுகிறோம். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்துப் பொப்பிலி வீணைக்கு அதற்கு முன்பே, 2011-ல் கிடைத்துவிட்டது. மைசூர் வேறு இருக்கிறது. ராயகிரிக்கு அருகே மலையைத் தாண்டினால் மலையாள தேசம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். திருவனந்தபுரத்திலும் வீணை செய்தார்கள். கல்யாணச் சீரோடு மலை தாண்டி வந்த வீணையாக இது ஏன் இருக்கக் கூடாது?

சரி, புஸ்தகத்துக்கு வருகிறேன். ராயகிரிக்குப் போகுமுன் சென்னையிலேயே ஒரு வாரம் நூலகங்களில் தூசி தட்டியிருந்தேன். அழகில் முதலிடம் காப்டன் டே என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரிக்குத்தான். தென்னிந்திய சங்கீதத்தையும் வாத்தியங்களையும் பற்றி அவர் எழுதியது 1891-ல் லண்டனில் அச்சாயிற்று. மொத்தம் 700 பிரதிகள்தான் போட்டார்களாம். வில்லியம் கிப் என்ற ஓவியர் வரைந்த வர்ணப் படங்களில் வீணையின் ஒவ்வொரு கொடியும் பூவும் தெரிகிறது. டே தென்னாப்பிரிக்க யுத்தத்தில் 1900-ல் மாண்டுபோனார். பிற்பாடு டில்லியில் மறுபதிப்பு வந்தது. ஆச்சி வீட்டு வீணையோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்த மிகப் பழைய நல்ல படம் அதுதான்.

பேராசிரியர் சாம்பமூர்த்தி சென்னை அரசாங்க மியூசியத்தின் வாத்தியங்களுக்குத் தயாரித்த பட்டியலும் உபயோகமானது. 1978-ல் சைதன்ய தேவா இந்திய வாத்தியங்களின் சரித்திரத்தை எழுதினார். வில்லிலிருந்து யாழ், யாழிலிருந்து வீணை என்று வம்சாவளியைத் தெரிந்துகொள்ள அதைப்போல ஒன்று இல்லை. தமிழில் வேண்டுமென்றால் வீ. ப. கா. சுந்தரத்தின் 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' நாலு பாகம் இருக்கிறது. எல்லாம் நல்ல புஸ்தகங்கள். ஆனால் எதிலும் செய்தவன் பெயர் இல்லை! எந்தத் தெருவில், எந்த ஆசாரி, எந்த வருஷத்தில் யாளியின் வாயை இப்படிச் செதுக்கினார் என்று ஒரு வரி கிடையாது. மெட்டு 24 ஆனது தஞ்சையில் ரகுநாத நாயக்கர் ஆண்ட காலத்தில், அதாவது 1600-க்கும் 1634-க்கும் நடுவில் என்று சொல்வார்கள். நாயக்கர் பெயர் நிலைத்தது. உளி பிடித்தவர் பெயர் போய்விட்டது.

சென்னையில் பார்த்தாயிற்று, இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்த புஸ்தகங்களையும் பார்த்துவிடலாமே என்று மறுநாள் புறப்பட்டேன். சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி வழியாக எட்டயபுரம். கழுகுமலை வெட்டுவான் கோவிலில் தட்சிணாமூர்த்தி ஹாயாக உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். அவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

எட்டயபுரத்தில் எல்லோரும் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். முத்துஸ்வாமி தீட்சிதர் சமாதி கொண்ட ஊரும் இதுவே. 1835-ஆம் வருஷத் தீபாவளியன்று காலமானார். அவரே வீணை வித்வான். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கியவர். எட்டயபுரம் சமஸ்தான வித்வான். அந்தத் தம்பியின் பெண் வயிற்றுப் பேரர்தான் சுப்பராம தீட்சிதர்.

இனிமேல்தான் கதை. சென்னையில் சின்னஸ்வாமி முதலியார் என்று ஒரு கிறிஸ்தவர் இருந்தார். நம் கீர்த்தனைகள் வாய்ப்பாடமாகவே இருந்து அழிந்துபோகுமே என்ற கவலையில், அவற்றை மேல்நாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி அச்சிட ஆரம்பித்தார். கைப்பணம் கரைந்தது, கண் பார்வையும் மங்கிற்று. கடைசியில் எட்டயபுரம் அரண்மனைக்கே வந்து, சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதையெல்லாம் புஸ்தகமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ராஜா செலவை ஏற்றார். எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலேயே 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளியாயிற்று. முதலியார் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் தீட்சிதரும் போய்விட்டார். அவர் மறைவுக்கு இரங்கிப் பாடியவர் அதே ஊர்ப் பாரதியார்.

அந்தப் புஸ்தகத்துக்கும் ஆச்சியின் வீணைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கமகங்களுக்கு அதில் தனித்தனி அடையாளங்கள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வீணையை வைத்துத்தான். மெட்டின் மேல் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிடிப்பது ஒதுக்கல். விரலை வழுக்கிக்கொண்டே போவது ஜாரு. ஆச்சியின் அம்மையுடைய இடது கை அந்தத் தண்டியின் மேல் எப்படி நடந்திருக்கும் என்று கேட்டால் இந்தப் புஸ்தகம் பதில் சொல்லும். தெலுங்கு தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சென்னை மியூசிக் அகாதமி 1961-லிருந்து ஐந்து பாகங்களாகத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது.

எட்டயபுரத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பி, ஆய்க்குடி வழியாகச் சுரண்டை போகிற பஸ்ஸில் ஏறி, சாம்பவர் வடகரையில் இறங்கினேன். 1859-ல் ஆபிரகாம் பண்டிதர் பிறந்தது இங்கேதான். திண்டுக்கல்லில் வாத்தியார் படிப்பு. தஞ்சாவூரில் பள்ளிக்கூட உத்தியோகம். பிறகு சித்த வைத்தியர். மருந்து விற்ற பணத்தையெல்லாம் சங்கீத ஆராய்ச்சியில் கொட்டினார். 1917-ல் வந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' 1,300 பக்கத்துக்கும் மேல்! ஒரு கையால் தூக்கிப் படிக்க முடியாது. படுத்துக்கொண்டு படித்தால் ஆபத்து.

1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. சுருதி எத்தனை என்று வித்வான்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்த காலம் அது. 22 என்பது பழைய கட்சி, 24 என்பது பண்டிதர் கட்சி. அவர் வாயால் மட்டும் வாதாடவில்லை. தம் பெண்களை அழைத்துப் போய் வீணை வாசிக்கச் செய்து, காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்றார். நூறு வருஷத்துக்கு முன்னால், சாம்பவர் வடகரைக்காரரின் பெண்கள் பரோடா சபையில் வீணையோடு உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்! பண்டிதர் 1919-ல் காலமானார். புஸ்தகத்தின் இரண்டாம் பாகத்தை 1946-ல் வெளியிட்டவரும் ஒரு மகளே. 24 சுருதிக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தக் கணக்குப் பக்கங்களில் தலை சுற்றிற்று. இருந்தாலும், தந்தியின் நீளத்தை அளந்து மெட்டு எங்கே நிற்க வேண்டும் என்று தமிழில் இவ்வளவு விஸ்தாரமாகப் பேசிய புஸ்தகத்தை நான் வேறு பார்த்ததில்லை. மெட்டு விழுந்த வீணை வைத்திருப்பவர்கள் படித்தால் பிரயோஜனம் உண்டு. இன்று இணையத்திலும் படிக்கலாம், கை வலிக்காது.

அங்கிருந்து குற்றாலம். ஐந்து நாள் கழித்து நானும் எல்லோரையும் போல அங்கே போய்ச் சேர்ந்தேன்! ஆனால் முதலில் கோவிலுக்குள்தான் நுழைந்தேன். குற்றாலநாதர் கோவிலின் ஸ்தல விருட்சம் குறும்பலா. வீணைக்கு உயிர் கொடுக்கிற அதே பலா ஜாதி. குறும்பலாவுக்கென்றே திருஞானசம்பந்தர் தனிப் பதிகம் பாடியிருக்கிறார். அவர் கூடவே யாழ் வாசித்துப் போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாட்டை யாழில் அடக்க முடியாமல் போக, யாழையே உடைக்க ஓங்கினார் என்று கதை.

அந்த யாழ் எங்கே? புராணத்தில் உடையாமல் தப்பினாலும் சரித்திரத்தில் தப்பவில்லை. தமிழ் நாட்டில் யாழ் வாசிப்பாரே இல்லாமல் மறைந்துபோயிற்று. இலங்கையில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சிதறிக் கிடந்த வார்த்தைகளைக் கொண்டே அது எப்படி இருந்திருக்கும், எத்தனை நரம்பு, என்ன கணக்கு என்று பல வருஷம் ஆராய்ந்தார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் கோவிலில் 'யாழ் நூல்' அரங்கேறிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடிகள் ஜூலை 19-ஆம் தேதியே காலமாகிவிட்டார். சாமானே கைவசம் இல்லாமல் அதற்கு ஒரு புஸ்தகம்! ஆச்சி வீட்டிலோ சாமான் இருக்கிறது, புஸ்தகம் இல்லை.

ஆகவே ஆச்சியின் மகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். குடம், யாளி, பிரடை, நாகபாசம், வெள்ளைப் பட்டை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்க வேண்டும். குதிரையிலிருந்து மேல் மேரு வரை நூல் பிடித்து அளந்து எழுத வேண்டும். ஆச்சி, ஆச்சியின் அம்மை, அவருடைய அம்மை என்று கல்யாணமான வருஷங்களை, பஞ்சாங்கப் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, விசாரித்துக் குறிக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று அகப்பட்டால் அதுவே அச்சடித்த சாட்சி. இப்போதைக்கு எனக்குத் தெரிந்த வரையில், பட்டையையும் மூன்று தலைமுறைக் கணக்கையும் வைத்துப் பார்த்தால், வீணைக்கு நூறு வயது தாராளமாக ஆகியிருக்கும். வியாபாரி சொன்ன நூற்றைம்பதுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பேரனுக்கும் இதையே எழுதியாயிற்று. "என் கிட்டாரை விட மூத்ததா?" என்று பதில் கேட்டிருக்கிறான். அவன் கிட்டார் 1950-க்குப் பிறகு பிறந்ததாம்!

கோவிலை விட்டு வெளியே வந்தபோது சாரல் பிடித்துக்கொண்டது. மெயின் அருவியில் கூட்டமான கூட்டம். வீணையைத் தேடிப் போனவன் அருவியைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று எழுதினால் ஆசிரியர் நம்பமாட்டார். இரண்டு தடவை குளித்தேன். எண்ணெய்ப் புட்டிக்கான செலவை மட்டும் பிரயாணக் கணக்கில் சேர்க்கவில்லை.